கோகிலவாணியை விசாரிக்க வந்தவர்

கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராக இருக்கும் கோகிலவாணிக்கு ஒரு பயிற்சிக்குத் தேர்வாக ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. ஒரு வெளிநாட்டுக்குப் போய், அங்கேயே இரண்டு வருடம் இருந்து, அந்த மண்ணின் மொழி, துறைமுகம், சந்தை, சனம் எல்லாவற்றையும் படித்துத் தேறும் பயிற்சி அது. நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். இடம் ஆறு. பரீட்சையும் நேர்காணலும் முடிந்து, சொந்த ஊர் விசாரணை மட்டும் மிச்சம். வேற்று ஆட்களோடு பழகத் தெரியுமா, வாயை அடக்கத் தெரியுமா என்று பார்க்க ஓர் ஆள் அவள் ஊரான பாலக்கோட்டுக்கு வருவார். அவர் எழுதுவதுதான் முடிவு.

அந்த வாரம்தான் அவளுக்குப் பாதுகாப்பு வகுப்பு முடிந்திருந்தது. போனில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று மூன்று நாள் பாடம். அந்தச் சூட்டோடு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மா, ஒருத்தர் வந்து என்னப் பத்தி விசாரிப்பாரு. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

"யாரு பாப்பா? எதுக்கு?"

"அதெல்லாம் போன்ல சொல்லக் கூடாதும்மா."

அம்மா மாதம்மாள் தக்காளி மண்டியில் நல்லது வேறு, அழுகல் வேறாகப் பழம் பிரிக்கிறவள். காலையில் குந்தினால் மத்தியானம்தான் எழுவாள். முழங்கால் எப்போதோ போய்விட்டது. கல்யாணம் ஆகாத முப்பது வயதுப் பெண்ணை விசாரிக்க ஓர் ஆள் வருகிறார், எதற்கென்று சொல்லப் பெண் கூச்சப்படுகிறாள் என்றால் மண்டியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பொழுது சாய்வதற்குள் சேதி எல்லாருக்கும் போய்விட்டது. கோகிலாவுக்கு மாப்பிள்ளை வீட்டு ஆள் வருகிறார்.

பெண் பார்க்க வருவதற்கு முன் ஓர் ஆளை அனுப்பி டீக்கடையில் விசாரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அப்போது ஊரே ஒரே வாயாகப் பேசும். மொடாக்குடிகாரன் டீ கூடத் தொடாதவன் ஆவான். பெண்ணுக்கோ வாசப்படிக்கு வெளியே உலகம் இருப்பதே தெரியாது. இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. மொய் மாதிரிதான். இன்றைக்கு உன் பெண்ணுக்கு நான், நாளைக்கு என் பெண்ணுக்கு நீ.

வியாழக்கிழமை காலையில் மாதவராஜ் வந்து இறங்கினார். கடற்படையில் ஓய்வு பெற்று, இப்போது இந்த விசாரணை வேலை பார்ப்பவர். மண்டி வாசலில் ஜானகியம்மாளின் டீக்கடையில் நின்றார்.

"மாதம்மாள் பொண்ணு கோகிலவாணியத் தெரியுங்களா? அவங்களப் பத்தி விசாரிக்க வந்திருக்கறன்."

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. ஜானகியம்மாள் டீயில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

"உக்காருங்க. தங்கமான புள்ளைங்க. தல நிமுந்து ஒரு ஆம்பளையப் பாத்தது கெடையாது."

"வெளி ஆளுங்ககூட நல்லாப் பழகுவாங்களா?"

"சேச்சே. பக்கத்து வூட்டுக்காரிகூடவே பேசாது."

"வேற மொழி ஏதாவது?"

மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் பச்சியப்பன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பேச்சில் புகுந்தான். "தமிழே அளவாத்தாங்க பேசும். எதுத்து ஒரு வார்த்த வராது. பகல நீங்க ராத்திரின்னா அதுவும் ராத்திரிங்கும்."

"வெளியூருல போயி தங்கறதுக்கு..."

"வூட்ட வுட்டு நகராதுங்க," என்று ஜானகியம்மாள் அடித்துச் சொன்னாள்.

"கப்பல்ல வேல பாக்கறாங்களே?"

ஜானகியம்மாள் ஒரு விநாடிதான் தடுமாறினாள். "அது கப்பலுக்குள்ளயேதாங்க இருக்கும். வெளிய வராது."

மாதவராஜ் நோட்டில் எழுதிக்கொண்டே போனார். எழுத எழுத அவர் முகம் தொங்கியது. எழுதிய அந்தப் பக்கம் அப்படியே மேலதிகாரிகளுக்குப் போனால் கோகிலவாணியின் இடம் போயிற்று.

ஆள் வந்தது தெரிந்து மாதம்மாள் கைகூடக் கழுவாமல் வந்தாள். கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்தது. அவளுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டும். மகளுக்கு வயது ஏறுகிறதே என்று நாலு வருடமாகச் சரியாகத் தூங்காதவள். ஆனால் தங்கை மகளை இப்படித்தான் ஊரே புகழ்ந்து கட்டிக்கொடுத்து, மூன்றாம் மாதமே அவள் பையோடு திரும்பி வந்ததையும் பார்த்தவள்.

"ஏன்டி ஜானகி, யாரு பெத்த பொண்ணப் பத்திச் சொல்லினு இருக்கற?"

"யக்கா, நீ சும்மா இரு."

"என்னாத்துக்குச் சும்மா இருக்கறது? நீங்க எழுதிக்கோங்க. அது வூட்டுல தங்காது. பன்னண்டு வயசுல அரூருக்குப் போன எடத்துல சித்தேரி பஸ்ஸு ஏறி, மல மேல ரெண்டு நாளு ஒரு வூட்டுல தங்கி, சாம அரிசிச் சோறு தின்னுட்டு வந்துச்சு. யாரு வூடுன்னா, பஸ்ஸுல பழகுனவங்களாம்."

மாதவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொழி?"

"லோடு ஏத்த வர்ற டிரைவருங்ககிட்ட கன்னடம், மதனப்பள்ளி ஏவாரிங்ககிட்ட தெலுங்கு, மண்டிக்கார பாய் வூட்டுல உருது. தமிழோட சேத்து நாலுலயும் சண்ட போடும். வாயில்லாத புள்ளன்னு கட்டினு போயி, அப்பறம் எம்மேல பழி போடாதீங்க."

பச்சியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எதுத்துப் பேசுவாங்களா?"

"தப்புன்னா பேசும். இந்தப் பச்சியப்பன் பெட்டில அழுகலக் கீழ போட்டு நல்ல பழத்த மேல அடுக்கனான். நடு மண்டில பெட்டியக் கவுத்துச்சு."

"அது பழைய கதைங்க," என்றான் பச்சியப்பன்.

சத்தம் கேட்டு மண்டிக்காரர் கவுஸ் பாஷா வெளியே வந்தார். மாதவராஜ் அவரிடமும் கேட்டார். "ரகசியம் தங்குமா அவங்ககிட்ட?"

"அதுக்கு நான் சாட்சிங்க. பள்ளிக்கூட லீவுல இங்கதான் போன் எடுக்கும். கோலாரு வெல, மதனப்பள்ளி வெல, எல்லாம் மொதல்ல அது காதுக்குத்தான் வரும். பக்கத்து மண்டிக்காரன் பட்டுப் பாவாட எடுத்துத் தர்றன்னு கெஞ்சுனான். ஒரு வார்த்த கறக்க முடியல."

"பெத்தவகிட்டயே சொல்லாது," என்றாள் மாதம்மாள். "போவட்டும். புடிக்கலன்னா பரவால்லீங்க. டீயக் குடிச்சிட்டுப் போங்க."

மாதவராஜ் முதலில் எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்தார். அவருக்கு விஷயம் புரிந்து, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, நான் மாப்பிள்ள வூட்டு ஆளு இல்லீங்க. கடற்படைல இருந்து வர்றன். உங்க பொண்ணு வெளிநாடு போயி படிக்கறதுக்குத்தான் விசாரணை. நீங்க சொன்ன மாதிரி ஆளுதான் எங்களுக்கு வேணும்."

"அப்ப மாப்பிள்ள?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

ஜானகியம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் சொன்னது?"

"அது மட்டும் போயிருந்தா, இருக்கற வேலையும் போயிருக்குங்க."

மாதம்மாள் ஜானகியின் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அவளைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். பெட்டி தூக்குகிறவர்கள்கூட நின்று சிரித்தார்கள்.

பதினெட்டாம் நாள், ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது.

"மா, ஆறுல நானும் ஒருத்தி."

கவுஸ் பாஷா எல்லாருக்கும் டீ சொன்னார். டீயை நீட்டிக்கொண்டே ஜானகியம்மாள், "மொதல்ல பேச்ச ஆரம்பிச்சு வெச்சது நானாக்கும்," என்றாள். மாதம்மாள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடியும் குவியலின் முன் குந்தினாள். வாய் சிரித்தபடியே இருந்தது, கை பாட்டுக்கு ஓடியது. கழிவுக் கூடையில் முக்கால்வாசி நல்ல பழமாக விழுந்துகொண்டிருந்தது. கவுஸ் பாஷா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.