குளிர் அறையில் இடமில்லை

“பிரேக்கை மிதிக்காதடா! மிதிச்சே, அவ்வளவுதான்!”

வேனின் பின்பக்கம் மண்டியிட்டு, சரிந்து வந்த பிளாஸ்டிக் கூடைகளைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி நூலகர் கத்தினாள். கூடை முழுக்கப் புத்தகங்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடித்து ரொட்டி மாதிரி உப்பிய புத்தகங்கள்.

“நான் மிதிக்கலக்கா. ஆனா எதிர்ல ஒரு பெஞ்சு நீந்தி வருதே, அதுக்கு வழி விட வேணாமா?” என்றான் தம்பி.

பள்ளிக்கூடத்து பெஞ்சுதான். நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தெருவின் நடுவே மிதந்து வந்தது. தம்பி ஸ்டீயரிங்கை ஒடித்தான். வேன் மதிலை உரசியது. எஞ்சின் இருமியது, மூச்சு வாங்கியது, பிறகு பெரிய மனது பண்ணி ஓடியது.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஆறு கரையை உடைத்ததிலிருந்து வேனுக்கும் வேலை இல்லை, பள்ளிக்கூடங்களுக்கும் வேலை இல்லை. எல்லாப் பள்ளியிலும் கீழ்த்தளத்தில் சேறு. மேல்தளத்தில் வீடிழந்த குடும்பங்கள். கரும்பலகையில் ஆணியடித்து ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள்.

நூலகத்தின் கதி இன்னும் மோசம். கீழ்த்தளம் மொத்தமும் போய்விட்டது. தப்பியது இந்தக் கூடைகளில் இருப்பது மட்டும். இந்த ஊரைப் பற்றி இந்த ஊரிலேயே அச்சடித்த பழைய புத்தகங்கள். இன்னொரு பிரதி எங்கே தேடினாலும் கிடைக்காது. காலையில் ஒரு அட்டையைத் திறந்தபோதே ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பார்த்துவிட்டாள். பூஞ்சணம். இன்று பொழுது சாய்வதற்குள் உறைய வைத்துவிட்டால் அது அப்படியே நின்றுவிடும், அப்புறம் ஆற அமர ஒவ்வொன்றாகக் காய வைக்கலாம். இல்லாவிட்டால் நாளைக்கு இவை குப்பை. ஊரில் ஜெனரேட்டரோடு ஓடிக்கொண்டிருந்த ஒரே குளிர் அறை மீன் கிடங்கில்தான் இருந்தது.

“அக்கா, வேன் சீட்டையெல்லாம் கழட்டிப் போட்டதை டீச்சரம்மாகிட்ட சொல்லிடாத. என்னை பெஞ்சு மேல ஏத்திடுவா.”

டீச்சரம்மா என்பது அவன் மனைவி. அவன் ஓட்டும் வேன் போகிற அதே பள்ளியில் ஆசிரியை.

“அவ ஏன்டா திட்டப்போறா? புத்தகத்துக்காகன்னா அவளே ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பா.”

“அதானே! எனக்கு ஒரு நியாயம், அவ அண்ணி உனக்கு ஒரு நியாயம். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க.” ஒற்றைக் கையால் போனைத் தட்டிக் காதில் வைத்தான். “இன்னும் டவர் கிடைக்கல. அக்கரை முகாம்ல புள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பாடுபடுறாளோ.”

மீன் கிடங்கு வாசலில் காலிப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. மேனேஜர் கையைத் தூக்கியபடி எதிரே வந்தார். நேற்று குடிதண்ணீர் வரிசையில் “கொண்டாங்க மேடம், இடம் தர்றேன்” என்று வாக்குக் கொடுத்த மனுஷர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தம்பி குதித்து இறங்கியதும் தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

“இடமில்லை மேடம்.”

“என்ன சார் விளையாடுறீங்களா? கெட்டுப்போன மீனையெல்லாம் வெளிய கொட்டிட்டீங்க. காலிப் பெட்டி இங்க மலையா குவிஞ்சிருக்கு. உள்ள காத்தையா அடைச்சு வச்சிருக்கீங்க?”

“திமிங்கிலம் ஏதாவது மாட்டிக்கிச்சா சார்?” என்றான் தம்பி.

மேனேஜர் சிரிக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. “மெஷின் மக்கர் பண்ணுது.”

“பின்ன இந்தச் சத்தம் எங்கிருந்து வருது? உங்க வயித்துலேருந்தா?”

“சாவி... ஆள் எடுத்துட்டுப் போயிட்டான்.”

“இடுப்புல தொங்குதே, அது என்ன அரைஞாணா?” நூலகர் கையெடுத்துக் கும்பிட்டாள். “சார், கால்ல வேணா விழறேன். சாயங்காலம் தாண்டினா இதுல ஒண்ணும் மிஞ்சாது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. எதுக்கு இத்தனை பொய்?”

மேனேஜர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். அப்புறம் மெதுவாக, “சரி, வாங்க. நீங்க மட்டும். அவர் வேண்டாம்” என்றார்.

“ஏன்? என் தம்பி என்ன திருடனா?”

“விடுக்கா! எனக்கும் குளிருக்கும் ஏழாம் பொருத்தம். நீ போய் இடத்தைப் பாரு, நான் கூடையை இறக்கறேன்.”

கனத்த இரும்புக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. குளிர் கன்னத்தில் அறைந்தது. வெண்புகை விலகியதும் பார்த்தாள். அம்மாடியோவ்! சுவருக்குச் சுவர் தட்டுகள். அத்தனையும் காலி. அவளுடைய நூலகம் முழுசையும் கொண்டுவந்தாலும் கொள்ளும்.

ஆத்திரத்தில் வாயைத் திறந்தவள், மூலையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

மீன் வெட்டும் நீள மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி. துணிக்கடியில் ஒரு ஆள் நீளம்.

“ஆஸ்பத்திரிப் பிணவறையிலயும் தண்ணி மேடம்” என்றார் மேனேஜர் அடிக்குரலில். “காலையில இங்க கொண்டுவந்து வச்சுட்டாங்க. பள்ளிக்கூட மாடிப்படிக்குக் கீழ கிடைச்சாங்களாம். என் பொண்ணோட கிளாஸ் டீச்சர். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அதுக்குள்ள நீங்க அவரையே கூட்டிட்டு வந்து நிக்கிறீங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?”

நூலகர் துணியைத் தொடவில்லை. மேசைக் காலருகே ஒரு பை கிடந்தது. வாய் பிளந்த பைக்குள் உப்பிய புத்தகங்கள். மேலே கிடந்ததில் அவளுடைய நூலகத்தின் முத்திரை.

“இல்ல... இல்லையே. அவ அக்கரை முகாமுக்குப் போயிட்டாளே. புள்ளைங்களோட படகுல ஏறிட்டாளே!”

“ஏறினாங்க. ஏறி உக்காந்துட்டு, திரும்ப இறங்கிட்டாங்களாம்.”

“ஏன்?”

வெளியே கூடை இறக்கும் சத்தம் தொம் தொம்மென்று கேட்டது. நடுநடுவே தம்பியின் சீட்டி.

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“‘அண்ணி போன் பண்ணியிருந்தாங்க, நூலகப் புத்தகத்தை மட்டும் மாடியில வச்சுட்டு ஓடி வந்துடறேன்’னு படகுக்காரர்கிட்ட சொல்லிட்டு இறங்கினாங்களாம்.”