அந்நிய வாசனை

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது ஜாஸ்பினுக்குக் கோபம்கூட வரவில்லை. போன வாரம் இணைசேர்த்த பெண் சுண்டெலிகளில் ஒன்றிலும் கரு தங்கவில்லை. எல்லாம் மறுபடி இணைசேரத் தயாராகிவிட்டிருந்தன.

"புது ஆண் எலிகள இந்த ரூமுக்கு யாரு கொண்டுவந்தது?"

ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் கிருஷ்ணமணி உமி மூட்டையைக் கீழே வைத்தார்.

"நான்தான் மேடம். அந்த ரூம்ல ஏசி கேடாயிப் போச்சு. வெக்கையில செத்துரப்பிடாதுன்னு வந்த அன்னைக்கே இங்க தூக்கி வச்சேன். வேற வேற கூடுதான். ஒண்ணையொண்ணு தொடல்ல."

"தொடணும்னே இல்ல அண்ணா. மணமே போதும்."

கரு கருப்பையில் ஒட்டுவதற்கு முன் அந்நிய ஆணின் மணம் மூக்கில் ஏறினால், சுண்டெலியின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் குறைந்துவிடும். அது குறைந்தால் சூலகம் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. அது இல்லாமல் கருப்பை கருவை ஏற்காது. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்ப அதுகளுக்கு ஒடம்புல ஒரு கொறையும் இல்லியா?"

"ஒரு கொறையும் இல்ல."

போன மாதம் ஜாஸ்பினுக்கு இரண்டாவது முறையாகக் கரு கலைந்திருந்தது. புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். மாமியாருக்குத் தெரிந்திருந்தது. "எலி நாத்தத்துல கெடந்தா எப்பிடி மக்கா தங்கும்?" சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னும் எழுந்து, வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லவேண்டும் என்றிருந்தார். இன்று காலை, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "சரி மாமி" என்று சொல்லியிருந்தாள். நம்பிக்கையால் அல்ல. மறுக்கத் தெம்பில்லை. காரணமே இல்லாமல் இழப்பதைவிடத் தானே காரணமாக இருந்துவிடுவது அவளுக்கும் கொஞ்சம் சுலபமாக இருந்தது.

சுண்டெலிக்குச் சொன்ன விடை மனுஷிக்குப் பொருந்தாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் முன்பின் யோசிக்காமல் குறையில்லை என்று சொன்ன அந்த வாய் தன்னுடையதுதான்.

"என் தப்புதான் மேடம்," என்றார் கிருஷ்ணமணி.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். புது ஆண் கூடுகள வேற ரூமுக்கு மாத்துங்க. உமி எல்லாம் மாத்தி, ரூம கழுவி விட்டுருவோம். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பச் சேத்து விடலாம்."

"அன்னைக்கு ஒங்க வீட்டுல ஜெபக்கூட்டம்னு சொன்னியளே?"

"அத மாமி பாத்துக்குவாங்க. நான் இங்க வருவேன்."

அவள் முதல் கூட்டை இழுத்து, பழைய உமியைக் கொட்ட ஆரம்பித்தாள்.