அடுப்படிக்கு அடியில் ஓடை

செவ்வாய்க்கிழமை காலையில் பூமி ஒரு நொடி நடுங்கியது. கொச்சி மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. ஒச்சப்பனுக்குத் தெரிந்தது, ஸ்டூலில் இருந்த சாயா கிளாஸ் தானாக நகர்ந்ததால். அன்றிலிருந்து அவருக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் நடக்கணும்.

கடல் ஏற்றத்தில் காயலிலிருந்து சந்துக்குள் வரும் தண்ணீர் இறக்கத்தில் திரும்பிப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சிகாபுதீனுக்கு மூன்று நாளாகக் கணுக்கால் தண்ணீர். அவன் மனைவி ஃபாத்திமா அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றிச் சமைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் என்ஜினியர் ஊர் வரைபடத்தோடு வந்தாள். ஒரு காலத்தில் பெரியாறு கடலில் விழும் வாய் மாறியபோது ஒதுக்கிய சேறுதான் இந்த ஊராம். நடுக்கத்தில் அது இளகி, மண்ணுக்கடியில் இருக்கும் பழைய ஓடையை எங்கோ அடைத்துவிட்டதாம். திறந்தால் வடிந்துவிடுமாம். ஓடை எங்கே என்று மட்டும் படத்தில் இல்லை. படம் போடுகிறவன் எவன் சேற்றில் இறங்கினான்?

இறங்கியவர் ஒச்சப்பன். நாற்பது வருடம் முன்னால் உசிலம்பட்டிப் பக்கமிருந்து மண்ணடிக்க வந்து அந்த ஓடையை மூடியதே அவர்தான். குறுக்கே தென்னந்தடிகளை அடுக்கி, அதன்மேல் மண் கொட்டுவார்கள். மேலே ஆள் நடக்கலாம், அடியில் தண்ணீர் போகும். நன்றாக இறுகின மண் என்று நம்பி அதன்மேலேயே வீடும் கட்டிக்கொண்டார்.

சொன்னால் வீட்டை இடிப்பார்கள். மாற்று வீடு காகிதத்திலேயே இருக்கும். என்ஜினியர் கேட்டதும் அவர் சிகாபுதீன் கொல்லையைக் காட்டினார்.

மத்தியானம் வரை தோண்டினார்கள். சிப்பியும் கட்டிக் களியும்தான் வந்தன. சிகாபுதீன் வீட்டுச் சுவரின் அஸ்திவாரம் வெளியே தெரிந்தது. ஆட்கள் மண்வெட்டியைப் போடப் பார்த்தபோது சிகாபுதீன்தான் விடவில்லை.

"ஒச்சப்பண்ணன் இந்த மண்ண அடிச்ச ஆளு. அவரு சொன்னா இருக்கும். இன்னும் ரெண்டடி பாருங்க."

ஒச்சப்பன் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்குள் வந்து அடுப்படியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கால்ல சக்கரமா கட்டியிருக்கு என்று மகள் சங்கரி கேட்டாள். அடுப்பை நகர்த்தச் சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்துத் தரையை இடித்தார். ஆறாவது குத்தில் சிமெண்டு உள்ளே விழுந்தது. கீழே தென்னந்தடி ஒன்று முறிந்து, ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. அதன் பின்னால் கறுப்பாகத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"சிகாபுதீனைக் கூப்பிடு. தடியைக் கட்டி இழுக்க வடக்கயிறு கொண்டு வரச் சொல்லு. அந்த ஆபீசர் பொண்ணு காதுல விழவேணாம்."

சங்கரி பள்ளத்தைப் பார்த்தாள். "நம்ம அடுப்பை இனி எங்க வைக்கிறது?"

"கட்டில்மேல."