அறைக்கு அறை மாறும் பட்டை

"இது வேற கலர்" என்றார் ராசப்பன்.

"அதே கலர்தான் சார். ஒரே பெட்டியில வந்த சரக்கு" என்றாள் தஹ்ஸீன்.

"ஹால்ல மாட்டினது தேன் கலர். பெட்ரூம்ல மாட்டினது காபி டிகாக்‌ஷன். எனக்குத் தெரியாதாம்மா? பொன்மலை ஒர்க்‌ஷாப்ல எத்தனை ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் கலந்திருப்பேன்! ஒரு ரயில்ல ஒரு பெட்டி மட்டும் நிறம் மாறி நின்னா எப்படி இருக்கும்? வீடும் அப்படித்தான்."

தில்லை நகர் கடையிலிருந்து இந்த ஒரே புகாருக்காக அவள் ஸ்ரீரங்கத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை. முகத்தில் சலிப்பு தெரியாமல் இருக்க ஸ்கூட்டி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராசப்பனின் மனைவி ஆனந்தவள்ளிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புது ஃப்ளாட்டு ஜன்னல்களுக்குத் திரைக்குப் பதிலாக மரப் பட்டை கோத்த பிளைண்ட்ஸ் போடலாம் என்றதே ஆனந்தவள்ளிதான். அறைக்கு ஒரு நிறமாகப் போடலாம் என்றுதான் அவளுக்கு ஆசை. "வீடா, ஐஸ்கிரீம் கடையா?" என்று கேட்டு, எல்லா ஜன்னலுக்கும் ஒரே நிறம் என்று முடித்துவிட்டவர் அவர். இப்போது அந்த ஒரே நிறமே அவருக்கு ரெண்டாகத் தெரிகிறதாம்.

"சுவத்துப் பெயிண்ட்டால அப்படித் தெரியுதோ என்னவோ சார்."

"ரெண்டு ரூம்லயும் ஒரே வெள்ளைதானே?"

"ட்யூப் லைட்டு?"

"பட்டப்பகல்ல எவன் லைட்டு போடுறான்?"

தஹ்ஸீன் பையிலிருந்து சாம்பிள் பட்டை ஒன்றை எடுத்தாள். முழ நீளம் இருக்கும்.

"இந்தாங்க சார். இந்த ஒரே பட்டையை எடுத்துட்டுப் போய் ரெண்டு ரூம்லயும் பாருங்க."

அவர் ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "தேன்." எழுந்து பெட்ரூமுக்குப் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அங்கிருந்து குரல் வந்தது.

"வள்ளி! இங்க வா. இது கறுத்துப் போச்சு!"

"கையில வச்சிருக்கிற பட்டையா?"

"அதேதான். நடந்து வர்றதுக்குள்ள மாறிடுச்சு. இவங்க மரம் விக்கலை, பச்சோந்தி விக்கிறாங்க!"

"யா அல்லாஹ்!" என்று தஹ்ஸீன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.

ஆனந்தவள்ளி பட்டையை வாங்கிப் பார்த்தாள். ஹாலிலும் தேன், பெட்ரூமிலும் தேன். ஆனால் அவர் பொய் சொல்கிற ஆளில்லை. நேற்றுகூட சாப்பிடும்போது, "வெள்ளைக் கோபுரத்துக்கு ஏன் மஞ்சள் அடிக்கிறாங்க?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்து மோரை ஊற்றிவிட்டு வந்துவிட்டாள். போன வாரம் வேட்டி மஞ்சளாக இருக்கிறது என்று சோப்பைத் திட்டினார். எடுத்துப் பார்த்தால் பளிச்சென்றுதான் இருந்தது.

இந்த மனிதருக்கு மட்டும் உலகத்தில் யார் மஞ்சள் கரைத்து ஊற்றுகிறார்கள்?

"என்னங்க, இன்னொரு தடவை பாருங்களேன். ஹால்ல ஒரு தடவை, இங்க ஒரு தடவை."

"எதுக்கு?"

"எனக்கு ஒண்ணு பாக்கணும்."

இந்தத் தடவை அவள் பட்டையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

ஹாலில் அவருக்கு ஜன்னல் இடது பக்கம். வெயில் கூசுகிறது என்று இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தார். பெயிண்ட் கலந்த காலத்துப் பழக்கம் அது. கட்டிலில் உட்கார்ந்தால் ஜன்னல் வலது பக்கம். இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டார்.

வலது கண்ணுக்குப் போன மாதம்தான் புரை எடுத்தார்கள். இடது கண்ணையும் உடனே செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். "ஒரு கண்ணு போதும்" என்று இவர் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அம்மா மண்டபம் ரோட்டில், இடது பக்கம் வந்த ஆட்டோ தெரியாமல் காலை வைத்தார். ஆனந்தவள்ளிதான் சட்டை கிழியக் கிழியப் பிடித்து இழுத்தாள். அன்றிலிருந்து கெஞ்சியாயிற்று, சண்டை போட்டாயிற்று, பேசாமலும் இருந்தாயிற்று. மனிதர் அசையவில்லை.

"எழுந்திருக்காதீங்க. உட்கார்ந்த இடத்திலேயே இடது கண்ணை மூடுங்க. என்ன கலர்?"

"தேன்."

"இப்ப அதைத் திறந்துட்டு வலதை மூடுங்க."

அவர் மூடினார். வாய் மெல்லத் திறந்தது.

"டிகாக்‌ஷன்."

"பட்டை நகரலையே?"

அவர் இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி மூடினார். சந்தையில் மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற ஆள் மாதிரி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வள்ளி, இதுல எது நிஜம்?"

"எங்க ரெண்டு பேருக்கும் தேன்தான் சார்" என்றாள் தஹ்ஸீன் மெதுவாக. "எங்க வாப்பாவுக்குக் கண்ணுல புரை இருந்தப்ப, பால்ல மஞ்சள் போட்டியான்னு உம்மாவைக் கேப்பாங்க."

அவர் விறுவிறுவென்று பால்கனிக்குப் போனார். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள். தென்னை மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் நின்றது. ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார்.

"அடப்பாவி! பெயிண்ட் அடிச்சது நான்தானா?"

தஹ்ஸீன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. கலர் பார்க்கும் கண் என்று காலமெல்லாம் பெருமையடித்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு அவளுக்கு என்னவோ செய்தது.

"ஏம்மா, உன்னை வீணா அலைய வச்சுட்டேன்" என்றார் அவர், திரும்பாமலே. "பிளைண்ட்ஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். சரக்கு சரியான சரக்குதான்."

"பரவாயில்லைங்க சார்."

"இந்தச் சாம்பிள் பட்டை மட்டும் எனக்கு வேணும். தருவியா?"

"வச்சுக்குங்க சார். எதுக்கு?"

"இடது கண்ணுல கட்டு அவுக்கும்போது முதல்ல இதைத்தான் பாக்கணும். ரெண்டு கண்ணும் ஒத்துப் போகுதான்னு தெரியணுமில்ல?"

ஆனந்தவள்ளி காதில் விழுந்ததை நம்பாமல் நின்றாள். கேட்டால் மாற்றிவிடுவாரோ என்று பயம். வேறு எதையோ கேட்டாள்.

"ஏங்க, என்னைப் பாருங்க. நான் எப்படித் தெரியறேன்?"

அவர் திரும்பி வலது கண்ணை மூடினார். "மஞ்சள் தேய்ச்சுக் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்க."

"இன்னொரு கண்ணால?"

இடது கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இதுல... காலையிலேருந்து சாப்பிடாம என்னோட மல்லுக்கட்டின மாதிரி இருக்க."

"அப்ப மஞ்சள் கண்ணே நல்லாருக்கே. அதை அப்படியே விட்டுடலாமா?"

"விட்டா ரோட்டுக்கு ரோடு என் சட்டை கிழியும்" என்றார் ராசப்பன். "ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு."