தாழ்ப்பாள் போடாத கதவு

அந்த வீட்டுக்குள் காற்று வர வேண்டுமென்றால் வீட்டுக்காரனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். கேட்டாலும் விடமாட்டான். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தான். வெளியே பல்லைக் கிட்ட வைக்கும் குளிர். உள்ளே மெல்லிய போர்வை போதும். வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள், காற்று எங்காவது கசிகிறதா என்று வாசலில் ஒரு பெரிய விசிறியை மாட்டிச் சோதித்துவிட்டு, "இந்தத் தெருவிலயே இவ்வளவு கெட்டியான வீடு கிடையாது சார்" என்று சொன்னார்களோ இல்லையோ, ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. மாமியார் வீட்டில் அவனுக்கு டேப் மாப்பிள்ளை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதையும் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டான்.

அவனைப் பெற்றவள் மட்டும் லேசுப்பட்டவளா? தொழிற்சாலை கேன்டீன் ஒன்றில் தலைமைச் சமையல்காரியாக இருந்து, முரட்டு ஆண்பிள்ளைகளையெல்லாம் கரண்டியின் முனையில் ஆட்டி வைத்தவள். அங்கே வைத்த 'மாஸ்டர்' என்ற பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்புக்கு மேலே இருந்த சிம்னியை நிமிர்ந்து பார்த்து, "என்னடா இது, நோயாளி மூச்சு விடுற மாதிரி இழுக்குது? நல்லதா ஒண்ணு போடு" என்றாள். மகனும் போட்டான். ஓட்டல்களுக்குப் போடுகிற வகை. அதை முடுக்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. ஆனால் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுக் கருக்கினாலும் வீட்டில் ஒரு தும்மல் கேட்காது. வருகிறவர் போகிறவரையெல்லாம் அடுப்படிக்குக் கூட்டிப் போய் அதைக் காட்டுவாள்.

மகனுக்குக் காற்றை உள்ளே விடாத பெருமை. அம்மாவுக்கு இருக்கிற காற்றையும் வெளியே தள்ளுகிற பெருமை. இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

மருமகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். மாஸ்டர் இருக்கிற வீட்டில் அவளுக்கு டிரைவர் என்று பெயர் வந்ததில் அதிசயமில்லை. வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் கேஸ் கீசரைப் போட்டுச் சுடச்சுடக் குளிப்பாள். அந்த நேரத்தில் அடுப்படியில் மாஸ்டர் இரவுச் சமையலில் இருப்பாள். குளித்துவிட்டு வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள் டிரைவர். "டிராஃபிக்கு, ஹாரன் சத்தம், வேற என்ன அத்தை" என்பாள். மாஸ்டருக்கு மட்டும் மனசுக்குள் ஒரு முள். இந்த அத்தை வந்த பிறகுதானே தலைவலி வந்தது என்று மருமகள் நினைக்கிறாளோ? தன் கைச் சாப்பாடு பிடிக்காமல்தான் போய்ப் படுத்துக்கொள்கிறாளோ? கேட்கவும் வாய் வராது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

இந்த நிலையில்தான் அந்த மழை நாள் வந்து சேர்ந்தது.

டிரைவர் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நனைந்தபடி வாசலுக்கு வந்தாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு வரவில்லை. அது வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. பைகளைக் கீழே வைத்துவிட்டு இழுத்தாள். இம்மியளவு அசைந்து மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றும், அவளுக்கும் தோன்றியது. மணியை அடித்தாள். தட்டினாள். "அத்தை! அத்தை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்து வேடிக்கை பார்த்தாள்.

உள்ளே, அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே அடுப்பைப் பற்ற வைத்திருந்த மாஸ்டர் சிம்னியின் இரைச்சலில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். உலகம் இடிந்து விழுந்தாலும் கேட்டிருக்காது. வதக்கி முடித்து, அடுப்பை அணைத்து, சிம்னியை நிறுத்தினாள். டிரைவர் கோபத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்ததும் அதே சமயத்தில்தான். கதவு வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தாள், தக்காளி தெருவெல்லாம் ஓடியது. சத்தம் கேட்டு மாஸ்டர் வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படி இருக்கும்? இப்போதுதான் தாழ்ப்பாளை எடுத்த மாதிரியேதான் இருந்தது.

"ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு, என்ன செஞ்சேன்னா கேக்கறீங்க?"

"நானா? அந்தத் தாழ்ப்பாளத் தொட்டிருந்தா என் கை அழுகிப் போகட்டும்!"

மகன் வந்தான். பஞ்சாயத்து பேசுகிறேன் என்று எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினான். "விடும்மா, தெரியாம கை பட்டிருக்கும். வயசாச்சில்ல."

மருமகள் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்ட மாஸ்டருக்கு இது தாங்கவில்லை. "என் கை எங்க படும், எங்க படாதுன்னு எனக்குத் தெரியும்டா. உனக்குச் சோறு ஊட்டின கை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். உள்ளே உட்கார்ந்து அழுதாள். ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போட்டவள், பசியோடு வந்த ஒருத்தியை வாசலில் நிறுத்தினாள் என்று பேர் வாங்கலாமா?

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தையல்காரம்மா தெருவுக்குச் சொன்னாள். டிரைவரின் அம்மா போனில் சேதி கேட்டு, "தனியாப் போயிடுங்கடி, இன்னைக்குத் தாழ்ப்பாள், நாளைக்கு என்னவோ" என்று தன் சொந்தபந்தத்துக்கெல்லாம் பரப்பினாள். வீட்டில் பேச்சு நின்றது. 'சாப்பாடு மேஜை மேல இருக்கு', 'சரி', இவ்வளவுதான். டிரைவர் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தாள் என்று மகன் மென்று விழுங்கிச் சொன்னான்.

"அவ ஏன் போகணும்? நான் போறேன்," என்றாள் மாஸ்டர். "கேன்டீன் பக்கத்துல என் பழைய ரூம் காலியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நான் தாழ்ப்பாள் போடலை. இதை நீங்க ரெண்டு பேரும் நம்பாம நான் செத்தா என் கட்டை வேகாது."

டிரைவருக்கு விடுமுறை வந்த ஒரு காலையில் மாஸ்டர் பெட்டியைக் கட்டினாள். மகன் ஆபீஸ் போயிருந்தான், டிரைவர் குளிக்கப் போயிருந்தாள். கிளம்புகிற நாளானாலும் வீட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அடுப்பைப் பற்ற வைத்தாள், சிம்னியை முடுக்கினாள், குழம்பைக் கொதிக்க விட்டாள். குப்பையை வெளியே வைத்துவிட்டு வரலாம் என்று வாசலுக்குப் போனாள். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

கதவு நகரவில்லை.

தாழ்ப்பாளைப் பார்த்தாள். அது பாட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. மறுபடி தள்ளினாள். தோளைக் கொடுத்து முட்டினாள். நூலளவு விலகி, யாரோ வெளியிலிருந்து பிடித்துத் தள்ளுகிற மாதிரி திரும்ப வந்து அடைத்தது. மாஸ்டருக்கு முதலில் பயம், அடுத்த நொடியில் சிரிப்பு, அதற்கடுத்த நொடியில் தலைகால் புரியாத சந்தோஷம்.

குளியலறைக் கதவில் போய்த் தடதடவென்று தட்டினாள். "அம்மாடி! ஏய், டிரைவரம்மா! எப்படி இருக்கியோ அப்படியே வா! உன் புருஷன் வீட்டுல பேய் இருக்கு!"

டிரைவர் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நெற்றியைப் பிடித்தபடி வந்தாள். "என்ன அத்தை?"

"எங்கிட்ட எதுவும் கேக்காத. தாழ்ப்பாளப் பாரு. பாத்தியா? போட்டிருக்கா?"

"இல்ல."

"தள்ளு."

டிரைவர் தள்ளினாள். கதவு அசையவில்லை. அவள் முகம் மாறியது. கதவின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மயிரிழை இடுக்கில் குளிர்காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. "சிம்னிய நிறுத்துங்க அத்தை" என்றாள்.

மாஸ்டர் ஓடிப்போய் நிறுத்தினாள். கதவு ஒரு விரலுக்குத் திறந்தது. போடச் சொன்னாள், போட்டாள்; கதவு பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினாள், விட்டது. சின்னப் பிள்ளைகள் மாதிரி இருவரும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள்.

"காத்து அத்தை, காத்து! எங்க பஸ் கதவைப் பிடிச்சு வைக்கிறதே காத்துதான். அந்தக் காத்தை வெளிய விடாம ஆனை வந்து இழுத்தாலும் திறக்காது. உங்க சிம்னி உள்ள இருக்கிறதையெல்லாம் வெளிய இழுக்குது. உள்ள வர்றதுக்குத்தான் உங்க மகன் ஒரு ஓட்டை விடலையே! வீடே கதவைக் கட்டிப் பிடிச்சுக்குது."

"கேன்டீன்ல இதைவிடப் பெருசு ஓடுச்சே, ஒரு நாளும் இப்படி ஆகலையே," என்ற மாஸ்டர் பாதியில் நிறுத்தினாள். அங்கே சாமான் இறக்குவதற்காகப் பின்கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். அதன் வழியாகத்தான் இத்தனை வருஷமும் காற்று வந்திருக்கிறது.

அவள் அதைச் சொல்வதற்குள் டிரைவர் குளியலறைக்குத் திரும்பிப் போயிருந்தாள். தண்ணீரை மூடாமல் வந்திருந்ததால் கீசர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தாள். அது குழாய்ப் பக்கமாக இழுபட்டது. "இப்ப சிம்னியப் போடுங்க!" மாஸ்டர் போட்டாள். காகிதம் திரும்பி டிரைவரின் முகத்தைப் பார்த்து ஆடியது. வெளியே போக வேண்டிய சூடான புகை அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் கீசரை அணைத்தாள், சிம்னியை அணைத்தாள், டேப்பைக் கிழித்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். "டிப்போவுல மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடக்கூடாதுன்னு எழுதியே போட்டிருக்காங்க அத்தை. வாசமே தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் ஆளே எந்திரிக்க மாட்டான். தினமும் அதைத்தான் மூச்சா இழுத்துட்டு இருந்திருக்கேன்."

மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் அவள் தலையிலேயே வந்து விழுந்த மாதிரி இருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை என்று தெரிந்த கையோடு, அதைவிடப் பெரியதைச் செய்திருப்பதும் தெரிந்துவிட்டது.

"நான்தான் பெரிய சிம்னி கேட்டேன். உன்னைக் கொல்லப் பார்த்திருக்கேனே அம்மாடி! நான் போயிடறேன். இப்பவே போயிடறேன்."

"போங்க. தாராளமாப் போங்க," என்றாள் டிரைவர். "நான்தான் உங்களை வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்னு உங்க பக்கத்துச் சொந்தக்காரங்க பேசட்டும். இந்த வாரம் என் முறை, இல்லையா?"

மாஸ்டர் அழுதுகொண்டே சிரித்தாள். டிரைவரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திறந்த ஜன்னல்களின் வழியே குளிர் அள்ளிக்கொண்டு வந்தது. இருவரும் ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மகன் வந்து, வீடு விரியத் திறந்து கிடப்பதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். "யாரு திறந்தது? சூடெல்லாம் போச்சு!"

"உன் பொண்டாட்டி உசிரு போகாம இருக்கேன்னு சந்தோஷப்படுடா," என்றாள் மாஸ்டர்.

கதவு வித்தையையும் காகித வித்தையையும் காட்டியதும் அவன் முகம் வெளுத்தது. கொஞ்ச நேரம் நெளிந்தான். பிறகு வெளியே வந்தது உண்மை. வீடு கட்டியவர்கள் அடுப்படிச் சுவரில் காற்று வருவதற்கென்று வட்டமாக ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். அடைக்காதீர்கள் என்று சொல்லியும் போனார்கள். அதில் குளிர் வருகிறதென்று இவன் பஞ்சை அடைத்து, டேப் ஒட்டி, மேலே அலமாரியை மாட்டிவிட்டான்.

"உங்க அறிவுக்கு நீங்க கலெக்டர் ஆகியிருக்கணும்," என்றாள் டிரைவர். சத்தம் போடவில்லை. அவன் அதற்கே குறுகிப் போனான். அம்மாவின் முன்னால் வந்து நின்று, "வயசாச்சுன்னு சொன்னது தப்பும்மா" என்றான். "தப்புதான்" என்றாள் அவள். அதற்கு மேல் அவனை நிற்க வைக்கவில்லை.

மறுநாள் வீடு கட்டியவர்களிடமிருந்து ஒரு ஆள் வந்து பார்த்தார். அலமாரியைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, சிம்னி ஓடும்போது மட்டும் திறந்து, வருகிற காற்றைக் கொஞ்சம் சூடாக்கி விடுகிற ஒரு மூடியைப் பொருத்தினார். கீசரைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடுகிற வகையாக மாற்றினார். விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றும் சுவரில் ஏறியது. "இவ்வளவு பெரிய சிம்னி இந்த வீட்டுக்குத் தேவையில்லைம்மா" என்று அந்த ஆள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சண்டைக்கு வருவாள் என்று மகன் பயந்தான். மாஸ்டர் சிம்னியை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "கழட்டுங்க. சின்னதா ஒண்ணு போடுங்க" என்றாள்.

அன்று டிரைவர் குளித்துவிட்டு வந்து படுக்கப் போகவில்லை. மேஜையில் உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டாள். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து, கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அம்மாடி, அன்னைக்கு நீ என்னை நம்பலையே?"

டிரைவர் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டாள். "நம்பல அத்தை. பொய் சொல்ல மாட்டேன். நம்பவே இல்ல."

மாஸ்டர் தலையை ஆட்டினாள். வலிக்கத்தான் செய்தது.

டிரைவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, எங்க அத்தை தாழ்ப்பாள் போடலை. நான்தான் தப்பாச் சொன்னேன்."

"என்னடி சொல்றே? அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா? பயந்துகிட்டுப் பேசறியா?"

"பக்கத்துலதான் இருக்காங்க. பயமெல்லாம் இல்ல. கேட்டுக்கோ. சித்திகிட்ட சொன்னே, பெரியப்பா வீட்டுல சொன்னே, கல்யாண வீட்டுல வேற சொன்னியாம். அத்தனை பேருக்கும் போன் பண்ணு. என் பொண்ணு சொன்னது பொய், அந்தம்மா மேல பழி இல்லைன்னு உன் வாயாலயே சொல்லு. ஒருத்தரை விடாதே. நானும் ஒவ்வொருத்தரா விசாரிப்பேன்."

டிரைவர் போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஈரத் தலையோட எங்க கிளம்பிட்டே?" என்று கேட்டாள் மாஸ்டர்.

"எதிர்வீட்டுக்கு. தையல்காரம்மாகிட்டயும் சொல்லணும். நீங்களும் வாங்க அத்தை, நான் சொல்றப்ப நீங்க பக்கத்துல நிக்கணும்."

மாஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் தள்ளினாள்.