கட்டைவிரல் இல்லாத கைக்கு ஒரு மடக்குக் கத்தி

ஷாபியெர் என் கடைக்குள் வந்தபோதே எந்தக் கத்தி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில் இருந்த கறுப்புக் கத்தி அது. பட்டனைத் தொட்டால் அலகு தானாகப் பாய்ந்து திறந்துகொள்ளும் வகை. அவன் பின்னாலேயே அவன் அக்கா மைத்தே வந்தாள். அவளும் முடிவு செய்திருந்தாள், அது வேண்டாம் என்று.

"எமரி, அந்த விளையாட்டுச் சாமானை இவன் கண்ணுல காட்டாத," என்றாள்.

"ஏற்கெனவே பாத்துட்டேன் அக்கா. போன மாசமே பாத்துட்டேன்."

"விலையைப் பாத்தியா?"

"அதைப் பாக்கல."

கவுன்டரின் மேல் வலது கையை வைத்தான். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மொழுமொழுவென்று ஒரு மேடு மட்டும் இருந்தது. போன இலையுதிர்காலத்தில் ஒரு பொலிகாளையின் மேல் கயிறு வீசிவிட்டு, சேணத்தின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் கயிற்றைச் சுற்றும்போது விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டான். காளை இழுத்தது. எங்கள் ஓரிகன் பாலைப் பக்கத்தில் கயிறு வீசுகிறவர்களில் பத்து விரலும் முழுசாக இருப்பவர்கள் குறைவு. அதை யாரும் நீட்டி முழக்கிப் பேசுவதில்லை.

சனிக்கிழமை அவர்களுடைய அராம்புரு பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் குதிரையோடு வந்துவிடுவார்கள். ஷாபி பதினைந்து வயதிலிருந்து அந்த நாளில் குதிரை மேல்தான் இருந்திருக்கிறான். இந்த வருஷம் பண்ணையை நடத்தும் மைத்தே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். கயிறு சிக்கிக்கொண்டால் அறுத்து விடுபட வேண்டும். இடது கையில் கடிவாளமும் கயிற்றுச் சுருளும் இருக்கும். ஆகவே வலது கை ஒன்றே கத்தியை எடுக்கவும் திறக்கவும் அறுக்கவும் மூடவும் வேண்டும். அது முடியாவிட்டால், கீழே நின்று கன்றுக்குத் தடுப்பூசி போடலாம்.

"மூடுறது எதுக்குன்னு இவகிட்ட கேளு," என்றான் ஷாபி. "அறுத்தப்புறம் கத்தியைக் கீழே போட்டுட்டா போச்சு."

"போடுவ. எங்க போடுவ? கீழே கன்னுக்குட்டி மேல ஆளுங்க உக்காந்திருப்பாங்க. திறந்த கத்தியைக் கையில வெச்சுக்கிட்டு துள்ளுற குதிரையை அடக்குவியா?"

"அப்போ உறையில சொருகுற நீட்டுக் கத்தி?" என்று நான் கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் அப்பாவின் மேல் குதிரை உருண்டபோது, இடுப்பில் இருந்த நீட்டுக் கத்தியின் பிடிதான் அவர் விலா எலும்பை உடைத்தது. அந்த வீட்டில் யாரும் அதற்குப் பிறகு இடுப்பில் கத்தி கட்டுவதில்லை.

அவனுடைய பழைய மடக்குக் கத்தியில் அலகின் மேல் ஒரு குமிழ் உண்டு. கட்டைவிரலால் தள்ளித் திறப்பது. இனி அது உதவாது. ஸ்பிரிங் இருக்கும் கத்திகளில் என்னிடம் இரண்டு வகை இருந்தன. இரண்டையும் ரப்பர் விரிப்பின் மேல் வைத்தேன். சின்னத் திருப்புளியை எடுத்துக் கறுப்புக் கத்தியின் ஒரு பக்கத்தைக் கழற்றினேன். ஒன்றை வாங்கச் சொல்வதற்கு முன்னால் அதன் உள்ளே இருப்பதைக் காட்டிவிடுவது என் வழக்கம்.

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் மைத்தே. ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள்.

கறுப்புக் கத்தியின் சுழல் ஆணியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். கத்தி மூடிக் கிடக்கும் நேரம் முழுக்க அது அலகை வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அலகின் அடியில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் உலோக முளைதான் அலகைத் தடுத்து நிறுத்துகிறது. நாம் பட்டன் என்று சொல்வது அந்த முளையின் தலை. அழுத்தினால் முளை விலகும், அலகு பாயும், முழுதாகத் திறந்ததும் முளை இன்னொரு பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். மூடுவதற்கு மறுபடி பட்டனை அழுத்தி, ஸ்பிரிங்கை எதிர்த்து அலகை மடக்க வேண்டும்.

அடுத்த கத்தி பாதி தானியங்கி. விலையும் பாதிக்குக் கீழே. அதில் ஸ்பிரிங் முதலில் நம் எதிர்க்கட்சி. மூடியிருக்கும்போது அலகை உள்ளே அமுக்கிப் பிடித்திருக்கும். முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் நாக்கை ஆள்காட்டி விரலால் இழுத்தால் அலகு கொஞ்சம் நகரும். ஒரு கோணத்தைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் கட்சி மாறி, மீதித் தூரத்துக்கு அலகைத் தள்ளிவிடும். மூடும்போதும் அப்படியே. முதலில் எதிர்க்கும், கடைசியில் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தக் கத்தியிலும் திறந்த அலகைப் பிடித்துவைப்பது ஒரு பட்டன் பூட்டுத்தான். ஆனால் அந்தப் பட்டன் திறப்பதற்கல்ல, மூடுவதற்கு மட்டும்.

"கட்சி மாறுற ஸ்பிரிங்கை நம்பி இவனைக் குதிரை மேல ஏத்தணுமா?" என்றாள் மைத்தே.

"அதான் சொல்றேன், கறுப்புதான் நல்லது," என்று ஷாபி பிடித்துக்கொண்டான். "இதுல விரலை வெச்சு எதையும் தள்ள வேணாம். அமுக்கினா முடிஞ்சுது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். விரல் இல்லாதவனுக்கு விரல் வேலை குறைவான கருவி. கணக்கு நேராக இருந்தது. கறுப்புக் கத்தியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். ஷாபி கையைக் கவுன்டரில் சாய்த்து, உள்ளங்கை மேட்டால் பட்டனை அமுக்கினான். 'டக்' என்று அலகு வெளியே நின்றது. முகம் முழுக்கச் சிரிப்பு. மறுபடி அமுக்கி, அலகின் முதுகைக் கவுன்டர் விளிம்பில் வைத்துத் தள்ளி மூடினான்.

"எப்படி?"

"கவுன்டர் மேல உக்காந்துதான் கயிறு வீசுவியா?" என்றாள் மைத்தே. "வெளிய வா."

தீவனம் ஏற்ற வந்த வண்டியின் பின்னால் குதிரையை ஏற்றிவரும் பெட்டியையும் இணைத்திருந்தார்கள். உள்ளே பிஸ்கட் என்ற சாம்பல் பெண்குதிரை. மைத்தே அதை இறக்கிச் சேணம் போட்டு ஷாபியை ஏற்றினாள். தோல் தொடைக்காப்பும் கையுறையும் மாட்டச் சொன்னாள். நான் கொடுத்த பழைய கயிற்றின் ஒரு முனையைச் சேணக் கொம்பில் சுற்றி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கயிறு விறைத்தது.

"நான்தான் காளை. அறு."

"அது எப்பவும் தெரிஞ்ச விஷயந்தானே," என்றபடி ஷாபி சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கத்தியை எடுத்தான். அமுக்கினான்.

'டக்' என்ற சத்தம் கேட்டது. அடுத்த கணம் கத்தி அவன் கையில் இல்லை. பிஸ்கட்டின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. குதிரை பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தது. மைத்தே கயிற்றோடு சேர்ந்து இழுபட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து மண்ணைத் தட்டினாள். "தடுப்பூசி," என்றாள்.

"கையுறை புதுசு அக்கா. வழுக்குது."

கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி செய்தான். இந்த முறை விழவில்லை, ஆனால் அலகு பாய்ந்த வேகத்தில் பிடி கைக்குள் சுழன்று கூர்ப்பக்கம் மேலே திரும்பியிருந்தது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு முழுசாகப் போய்விட்டது.

நான் கத்தியை வாங்கி என் கையிலேயே பார்த்தேன். அமுக்கினேன். அலகு திறந்தது, கத்தி துள்ளவில்லை. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, உள்ளங்கை மேட்டால் அமுக்கிப் பார்த்தேன். துள்ளியது. திரும்பவும் செய்தேன். திரும்பவும் துள்ளியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேகமாகச் சுழன்று வரும் அலகு சட்டென்று நிற்கும்போது, அந்த வேகம் எங்காவது போயாக வேண்டும். அது பிடிக்குள் போய்ப் பிடியைத் திருகுகிறது. அந்தத் திருகலைத் தாங்குவது கட்டைவிரல். இத்தனை வருஷமாகக் கட்டைவிரலைத் திறக்கிற விரல் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது பிடிக்கிற விரல். கவுன்டரில் ஷாபி ஜெயித்ததற்குக் காரணம் கவுன்டர்தான், அவன் கைக்கு அடியில் அது முட்டுக் கொடுத்தது. குதிரை மேல் அமுக்குவதற்கு உள்ளங்கை மேட்டைக் கொடுத்துவிட்டால், பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"ஷாபி, அந்த இன்னொன்னை எடுத்துட்டு வரேன், இரு."

"அதுல இழுக்கணுமே?"

"இழுக்கறது ஆள்காட்டி விரல். அது உனக்குச் சும்மாதானே இருக்கு."

பாதி தானியங்கிக் கத்தியை அவன் கையில் வைத்தேன். கீழ் மூன்று விரல்களுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவில் அதைப் பட்டையாக நெருக்கிப் பிடித்தான். மேடு இப்போது அமுக்க வேண்டியதில்லை, பிடித்தால் போதும். ஆள்காட்டி விரல் நாக்கை இழுத்தது. இதுவும் 'டக்' என்றுதான் திறந்தது, துள்ளவும் பார்த்தது. கை அசையவில்லை.

"கையுறையோட," என்றாள் மைத்தே.

கையுறையோடும் திறந்தது. அவள் பின்னால் சாய்ந்து கயிற்றை இழுத்தாள். கத்தி பட்டதும் கயிறு அறுந்தது. இந்த முறை தயாராகக் கால் ஊன்றியிருந்ததால் தள்ளாடியதோடு தப்பித்தாள்.

"இப்போ மூடு."

இதுதான் எனக்குப் பயமாக இருந்த இடம். மூட வேண்டுமானால் உள்ளங்கை மேட்டால் பட்டனை அமுக்கத்தான் வேண்டும். அமுக்கினால் பிடி தளரும். ஷாபி கொஞ்ச நேரம் கத்தியைப் பார்த்தான். பிறகு அலகின் முதுகைத் தொடைக்காப்பின் தோல்மேல் வைத்து, கையைக் கீழே அழுத்திக்கொண்டே பட்டனை அமுக்கினான். அலகு மடங்கத் தொடங்கியது. தொடை அலகை மேலே தள்ள, கத்தி முழுவதும் அவன் உள்ளங்கைக்குள் அழுந்தியது. அவனுக்கு இல்லாத விரலின் வேலையைத் தொடை செய்தது. பாதிக்கு மேல் போனதும் ஸ்பிரிங் கட்சி மாறிப் பட்டென்று மூடிக்கொண்டது.

"ஐயோ!"

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. மோதிர விரல். தோல் மட்டும்." வாயில் வைத்துச் சப்பினான். "விரலைப் பட்டையா வெச்சுக்கணும். வளைச்சா கடிக்குது."

"நல்லா சாப்பிடுற கத்தி. இன்னொரு தடவை."

மறுபடி செய்தான். விரல்களைத் தட்டையாக வைத்திருந்தான். கடிக்கவில்லை. மூடி, பைக்குள் போட்டான். நான் கைதட்டப் போனேன். மைத்தே கையைக் காட்டி நிறுத்தினாள். புதிதாக இன்னொரு துண்டுக் கயிற்றைக் கொம்பில் சுற்றிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"இப்போ வரைக்கும் கத்தியைப் பாத்துக்கிட்டே செஞ்ச. காளை இழுக்கறப்போ அதைப் பாக்க நேரம் இருக்காது. என்னைப் பாரு."

"உன்னையா? அதுக்குத் தடுப்பூசியே தேவலாம்."

"பாருடா."

அவன் பார்த்தான். அவள் கயிற்றை வெறுமனே பிடிக்காமல் உதறி உதறி இழுத்தாள். இடமும் வலமும் ஓடினாள். பிஸ்கட் காதை மடக்கியது, ஷாபியின் இடது கை கடிவாளத்தோடு போராடியது. ஆனால் அவன் கண் அவள் முகத்தை விட்டு அகலவில்லை. வலது கை தன் போக்கில் பைக்குப் போனது, வந்தது, 'டக்' என்றது. கயிறு அறுந்தது. கை தொடைக்கு இறங்கியது. பட்டென்ற மூடும் சத்தம். பைக்குள் போனது. அதுவரை அவள் முகத்தில் என்ன தெரிந்தது என்பது அவனுக்குத்தான் தெரியும், நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைத்தே அறுந்த கயிற்றை நிதானமாகச் சுற்றினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னங்காலுக்கு மட்டும் கயிறு போடுவ. காளை பக்கம் போகக்கூடாது. கன்னுக்குட்டி மட்டும்."

"சரி."

"தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நூறு தடவை திறந்து மூடணும்."

"அம்பது."

"தடுப்பூசி?"

"நூறு, நூறு."

உள்ளே வந்து பாதி தானியங்கிக் கத்திக்குப் பணம் கொடுத்தாள். பில் போடும் நேரத்தில் கறுப்புக் கத்தியை அவள் கையில் எடுத்திருந்ததைக் கவனித்தேன். அமுக்கினாள், மூடினாள். இடது கையால் அமுக்கினாள். கையுறை மாட்டிக்கொண்டு அமுக்கினாள். அவள் கையில் அது துளியும் துள்ளவில்லை.

"விரல் எல்லாம் இருக்கற கைக்கு இதுல என்ன லாபம், எமரி?" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உண்மையைச் சொல்லு."

"கண் இமைக்கிற நேரம் மிச்சம். ஜனவரியில விரல் மரத்துப்போய், வைக்கோல் கட்டு மேல நின்னு, அதைச் சுத்தியிருக்கற வலையை அறுக்கறப்போ அது உதவும். மத்தபடி இந்தச் சத்தத்துக்குத்தான் காசு. அழுக்கு உள்ள போச்சுன்னா முளை சிக்கும், அடிக்கடி கழுவி எண்ணெய் விடணும். அவன் வாங்கினதுல, ஸ்பிரிங் உடைஞ்சாலும் கையால திறந்துக்கலாம்."

"இந்தச் சத்தத்துக்கு," என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை அமுக்கினாள்.

"விளையாட்டுச் சாமான்னு யாரோ சொன்னாங்க," என்றான் ஷாபி வாசலிலிருந்து.

"வாயை மூடிட்டுக் குதிரையை ஏத்து." கத்தியைப் பெட்டிக்குள் வைத்தாள். மனசில்லாமல்தான் வைத்தாள். "ஜனவரி வரட்டும், பாக்கலாம்."

தீவன மூட்டைகளை ஏற்ற நானும் கை கொடுத்தேன். மைத்தே வண்டிக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"இவனைக் குதிரை மேல ஏத்தியாச்சு. இப்போ எனக்குத் தடுப்பூசிக்கு ஆள் இல்ல. இதுக்கெல்லாம் காரணம் நீதான்."

"சனிக்கிழமை கடை இருக்கே, மைத்தே."

"சனிக்கிழமை இந்த ஊர்ல யாரு கடைக்கு வரப்போறா? எல்லாரும் எங்க கொட்டில்லதான் இருப்பாங்க. ஆறு மணிக்கு வந்துடு. சாப்பாடு உண்டு."

கடைக்குள் போய், தடுப்பூசித் துப்பாக்கி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தேன். விசையை ஒரு முறை அழுத்தினால் எப்படிச் சரியாக ஒரே அளவு மருந்து மட்டும் வெளியே வருகிறது என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. ரப்பர் விரிப்பில் அதை வைத்து, திருப்புளியைத் தேடினேன்.