நீல ப்யூக்கின் சாவி

சனிக்கிழமை காலையிலேயே ட்வைட் மாமா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "லெய்னி, நீ அம்மா பக்கத்துல உக்காந்து வா. ஒழுங்கா ஓட்டுனாங்கன்னு நீ சொன்னா சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா இன்னிக்கே வாங்கிடுவேன். பொய் மட்டும் சொல்லாத."

அவர் அம்மா என் பாட்டி இமோஜீன். எங்களுக்கெல்லாம் மீமா. வயது எண்பத்தெட்டு. சிறுமியாக இருந்தபோதே அப்பாவின் பருத்தி லாரியை மில்லுக்கு ஓட்டிப் போனவள். கை நீட்டிய முதல் கணவனைத் தூங்கவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் தையல் மெஷினையும் அவனுடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பியவள். பள்ளிப் பேருந்து ஓட்டியே அந்தப் பிள்ளைகளை ஆளாக்கினாள். இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட தாத்தா இறந்த வருடம், அலபாமாவிலிருந்து தனியாகவே காரோட்டிப் போய் பசிபிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். கடல் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பெருசா இருந்துச்சு. பார்க்கிங்குக்குக் காசு கேட்டான்" என்றாள். அவளிடமிருந்து சாவியைப் பிடுங்கினால் எஞ்சியிருப்பது என்ன? எனக்கு மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வருடாவருடம் குடும்பம் கூடுவது சர்ச்சுக்குப் பின்னால், பெக்கன் கொட்டை மரங்களின் கீழே. மடியில் வாழைப்பழ புட்டிங் பாத்திரத்தோடு நான் அவளுடைய நீல ப்யூக் காரில் ஏறினேன்.

"என்னை வேவு பாக்க அனுப்பியிருக்கானா அந்தப் பய?"

"இல்ல மீமா."

"பொய் சொல்றப்ப உங்கம்மா மாதிரியே மூக்கைச் சொறியிற."

நன்றாகத்தான் ஓட்டினாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். மரம் ஏற்றிய லாரியை அவள் முந்தியபோது எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. பாலம் தாண்டியதும் சாலை நேராக ஓடியது. தூரத்தில், உச்சி வெயிலில், விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கார்கள் எதிரே வந்தன. முதலில் வந்தது கறுப்புச் சவவண்டி.

எங்கள் பக்கம் சவ ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், செத்தது யாராக இருந்தாலும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே மீமாதான். பதினாறு வயதில் ஒருமுறை நான் நிற்காமல் போனபோது, வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்லி, கடைசிக் கார் மறையும்வரை ரோட்டோரத்தில் தலைகுனிந்து நிற்கவைத்தாள்.

அவள் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழும் என்று காத்திருந்தேன். எழவில்லை. முன்னால் போன பிக்கப் வண்டி ஓரங்கட்டியது. ஓட்டியவர் இறங்கித் தொப்பியைக் கழற்றி நின்றார்.

"வண்டிய எங்க நிறுத்தியிருக்கான் பாரு, மடையன்!" என்று மீமா ஹாரனை அழுத்தினாள். நீளமாக அழுத்தினாள். பிக்கப்பைச் சுற்றிக்கொண்டு, எதிரே வருகிற வண்டிகளின் பாதைக்குள் இடப்பக்கம் ஒடித்தாள். சவவண்டி ஓட்டுநரின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அந்த ஆளின் வாய் திறந்திருந்தது. புட்டிங் என் பாவாடையில் சரிந்தது. மயிரிழையில் தப்பினோம். பிறகு ஒவ்வொன்றாக அந்தக் கார்கள் எங்களைக் கடந்தன. மீமா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதையுமே பார்க்கவில்லை. நான் குனிந்து பாவாடையைத் துடைத்தேன்.

சர்ச்சில் இறங்குவதற்குள் மாமா வந்துவிட்டார். "எப்படி?"

"ஒரு தப்பும் இல்ல மாமா." மூக்கு அரித்தது. நல்லவேளை, இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபின் அந்த பிக்கப் வந்து நின்றது. இறங்கியவர் வெண்டெல், தூரத்துச் சொந்தம், ஒரு காலத்தில் மீமாவின் பேருந்தில் போய்ப் படித்தவர். தொப்பியைக் கையில் பிடித்தபடி நேராக அவளிடம் வந்தார்.

"மிஸ் இமோஜீன், கேக்கக் கூடாதுதான். ஆனா கேக்காம எனக்குச் சாப்பாடு எறங்காது. அப்படி என்ன தலைபோற அவசரம்? எதுக்க சாவு வண்டி வருது, நீங்க ஹாரன் அடிச்சிட்டுப் போறீங்க!"

மாமா முள்கரண்டியைக் கீழே வைத்தார். நான் முந்திக்கொண்டேன். "வெண்டெல், தப்பு என்மேலதான்! புட்டிங் கெட்டுப்போயிடும்னு நான்தான் விரட்டுனேன்."

"நீ வாயை மூடுடி" என்றாள் மீமா.

ஆமாம், அவசரம்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இமோஜீனுக்குத் திமிர் என்று நாலு பேர் பேசுவார்கள், சாவி அவளிடமே இருக்கும். சொல்லு மீமா, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"யாரோட சாவு?" என்றாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம், ப்ரூயிட் வீட்டுப் பையன். முப்பது வயசுகூட ஆகல."

மீமா தட்டைத் தள்ளி வைத்தாள். "வெண்டெல், பாத்துட்டு நான் நிக்காமப் போவேன்னா நெனச்ச? நான் பாக்கலடா. உன் வண்டி தெரிஞ்சுது, நீ எறங்கி நின்னது தெரியல. அந்த லைட்டு ஒண்ணுகூட என் கண்ணுல படல." கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மாமாவின் தட்டருகே, கோழி எலும்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "எடுத்துக்கோ. ஜெயிச்சிட்ட மாதிரி மூஞ்சிய மட்டும் காட்டாத."

மாமா எங்கே ஜெயித்தார்? அழுதுகொண்டிருந்தார். சாவியை அவர் தொடவில்லை.

"லெய்னி, அதை எடு. அந்தத் தொடாத கேக்கையும் எடு. ப்ரூயிட் வீட்டுக்குப் போறோம்."

வழியில், "ஏண்டி இப்படி ஊர்ந்து போற, பின்னால பொணமா இருக்கு?" என்று அதட்டினாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தது பையனின் தாய். மீமா நிமிர்ந்து நின்றாள். "நான் இமோஜீன். நீலக் கார்ல ஹாரன் அடிச்சிட்டுப் போனவ நான்தான். மரியாதை தெரியாம இல்லம்மா. கண்ணு தெரியல."

அந்தப் பெண் விழித்தாள். "நீலக் காரா? நான் எதையும் பாக்கலம்மா. முன்னால போன வண்டிய விட்டு என் கண்ணு அகலவே இல்ல." கேக்கை வாங்கிக்கொண்டு, மீமாவின் கையை வெகுநேரம் பிடித்திருந்தாள்.

படியிறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டியா? அவங்க பாக்கவே இல்லயாம்! பேசாம இருந்திருந்தா சாவி உன்கிட்டயே இருந்திருக்கும்ல?"

"அந்தப் பையன் எதுக்க வந்தான். நான் நிக்கல" என்றாள் மீமா.

பழக்கத்தில் நேராக ஓட்டுநர் பக்கம் நடந்து கதவின் பிடியில் கை வைத்தாள். அப்படியே நின்றாள். சாவி என் கையில் இருந்தது. எனக்கு நகரத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காரின் முன்பக்கத்தைத் தடவிப் பிடித்தபடி அவளே சுற்றி என் பக்கம் வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.